மணி அடிக்கும் வரை



இரட்டைமலை சீனிவாசன் 1945 செப்டம்பர் 18 அன்று மறைந்தார். 80 ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் நினைவில் பேச என்னை அழைத்தபோது, வட்டமேசை மாநாட்டைப் பற்றியோ பூனா ஒப்பந்தத்தைப் பற்றியோ பேசுவேன் என்று மன்றத் தோழர்கள் நினைத்திருக்கக்கூடும். அவற்றைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். நான் அவருடைய பள்ளிக்கூட நாட்களைப் பற்றிப் பேசப்போகிறேன். அதைப் பேச வேண்டுமானால் என் பள்ளிக்கூடத்தையும் சேர்த்துப் பேசியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2002இல் சென்னையில் எம்.ஏ. சமூகவியல் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டுரைக்காக நூலகத்தில் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ நூலை எடுத்தேன். 1939இல் வெளிவந்த, அவர் தன் வாழ்க்கையைத் தானே எழுதிய சின்னப் புத்தகம். பள்ளிப் படிப்பைப் பற்றி அதில் பக்கம் பக்கமாக ஒன்றுமில்லை. சில வரிகள்தான். கோயம்புத்தூரில் அவர் படித்த இடத்தில் சுமார் 400 மாணவர்கள். ஏறத்தாழ பத்துப் பேர் தவிர மற்ற எல்லோரும் பிராமணர்கள். யாரோடாவது பழகினால் என்ன சாதி, வீடு எங்கே என்ற கேள்வி வரும். தெரிந்துவிட்டால் கேவலமாக நடத்துவார்கள். அதற்குப் பயந்து அவர் பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் உள்ளே போவார். பள்ளி விட்டதும் மற்ற பிள்ளைகள் தன்னை எட்டிப்பிடிக்க முடியாதபடி விரைவாக நடந்து வீடு சேர்ந்துவிடுவார்.

இதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பையன் செய்ததைத்தான் 1990இல் ஆறாம் வகுப்பில் நானும் செய்தேன்.

எங்கள் ஊர் மதுராந்தகத்துக்குப் பக்கம். ஏரி, நெல், கரும்பு. படாளம் ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகளின் பின்னால் ஓடிக் கழி உருவித் தின்று வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். ஐந்தாம் வகுப்பு வரை எங்கள் காலனியிலேயே பள்ளி இருந்தது. ஆறாம் வகுப்புக்கு ஊர்த்தெருவைத் தாண்டி உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். முதல் வாரத்திலேயே பக்கத்தில் உட்கார்ந்தவள் கேட்டுவிட்டாள்: “எந்தத் தெரு நீ?” பெயரைக் கேட்கவில்லை, அப்பா என்ன வேலை என்று கேட்கவில்லை. தெரு தெரிந்தால் மற்றதெல்லாம் தெரிந்துவிடும் என்பது பதினோரு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. நான் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து ஏரி மதகு மேல் உட்கார்ந்துகொள்வேன். பிரார்த்தனை முடிந்து இரண்டாம் மணி அடித்ததும் ஓடுவேன். தாமதத்துக்குப் பிரம்படி உண்டு. ஒரு நாளைக்கு இரண்டு அடி. வகுப்பு தொடங்கும் முன்னால் பிள்ளைகள் கூடிக் கதை பேசுகிற அந்தப் பதினைந்து நிமிடத்தைவிட இரண்டு அடி எனக்குச் சுலபமாக இருந்தது.

எத்தனை நாள் மறைக்க முடியும்? ஜூலை மாதம் உதவித்தொகைப் படிவம் வந்தது. வகுப்பாசிரியர் படிவங்களைக் கையில் வைத்துக்கொண்டு, “எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக இன்றும் நான் நினைக்கவில்லை. படிவத்தை எண்ணிக் கொடுக்க அது வசதி. இந்த அரங்கில் அப்படி எழுந்து நின்றவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பாதிப் பேர் மறுபடியும் எழுந்து நிற்க வேண்டியிருக்கும். வருகைப் பதிவேட்டில் எங்கள் பெயர்கள் சிவப்பு மையில் இருப்பதை அன்றுதான் மேசை அருகே போய்க் கையெழுத்துப் போடும்போது பார்த்தேன். வகுப்பறை பெருக்க, கழிவறைக்குத் தண்ணீர் ஊற்ற என்று கூப்பிடும்போது அந்தச் சிவப்புப் பெயர்கள்தான் முதலில் ஆசிரியர் வாயில் வரும்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். எந்தத் தெரு என்று கேட்டவளே பின்னால் என் தோழி ஆனாள். ஒருநாள் அவள் வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டேன். அவள் அம்மா சொம்பைத் தராமல், குனிந்து கையை ஏந்தச் சொல்லி ஊற்றினார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் பேசவில்லை. அதற்குப் பிறகு பள்ளி விட்டு வரும்போது அவளும் தன் வீட்டுக்குள் போய்க் குடிக்காமல் என்னோடு வயல் பம்புசெட்டுக்கு வந்து கையேந்திக் குடிப்பாள். பத்தாம் வகுப்பு வரை அப்படித்தான். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. தமிழய்யா ஒருவர் நூலக அலமாரிச் சாவியை என்னிடம் கொடுத்துவைத்திருந்தார். ஏன் என்னிடம் என்று கேட்டதற்கு, “நீதான் தாமதமா வர்ற, தாமதமா போ” என்றார். என்ன தெரிந்து சொன்னாரோ. அந்தச் சாவிதான் என்னை இந்த மேடை வரைக்கும் கொண்டுவந்தது.

இனி அந்தக் காலனிப் பள்ளிக்கு வருகிறேன். அங்கேதான் என் குழந்தைப் பருவம் இருக்கிறது.

இரண்டு அறை, ஐந்து வகுப்பு, ஒரு புங்கமரம். ஓடு உடைந்த இடத்தில் மழை வந்தால் மூன்றாம் வகுப்பு நான்காம் வகுப்போடு சேர்ந்துகொள்ளும். சிலேட்டைக் கரியும் கோவை இலையும் வைத்துத் தேய்த்துக் கறுப்பாக்குவோம். சத்துணவு சமைத்தவரை எல்லோரும் ஆயா என்பார்கள். எனக்கு அவர் உண்மையிலேயே ஆயா முறை. எனவே எனக்கு அடிச்சட்டிச் சோறு உறுதி. பானையில் யார் வேண்டுமானாலும் மொண்டு குடிக்கலாம். யாரும் யாரையும் தெரு கேட்டதில்லை, இருந்தது ஒரே தெருதானே.

இதைச் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் திங்கட்கிழமை வரமாட்டார், வெள்ளிக்கிழமை மத்தியானமே பஸ் ஏறிவிடுவார். அவர் ஊர்த்தெருவில் வாடகைக்கு இருந்தார். எங்கள் பானையில் தண்ணீர் குடிக்காமல் தூக்குச்சட்டியில் கொண்டுவருவார். இன்னொருவர் பெரிய டீச்சர். அவரும் எங்களைப் போல் ஒரு சேரியிலிருந்து வந்தவர், வேறு மாவட்டம். ஒற்றை ஆளாக ஐந்து வகுப்பையும் நடத்துவார். அம்பேத்கர் படத்தை முதலில் அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில்தான் பார்த்தேன். கோட்டுப் போட்ட அந்த மனிதர் யார் என்று கேட்டதற்கு, “உன்னை மாதிரி கோணிப்பையில உக்காந்து படிச்சவர்” என்றார். நாங்கள் உட்கார்ந்தது உரச்சாக்குக் கோணி. ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. 1900 நவம்பர் 7 அன்று சதாரா பள்ளியில் சேர்ந்த அந்தப் பிள்ளை மற்றவர்களுக்குத் தள்ளித் தனியாகச் சாக்கில் உட்கார்ந்தான். அதை மாலையில் வீட்டுக்குத் தூக்கிப் போக வேண்டும். பள்ளியைக் கூட்டுகிறவர்கூட அதைத் தொடமாட்டார். குழாயைத் திறந்துவிட பியூன் வரவில்லை என்றால் அன்று தண்ணீர் கிடையாது. நாங்கள் எல்லோரும் ஒரே சாக்கில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். அந்த நெருக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம். இங்கே கலெக்டராக இருந்த டிரமென்ஹீர், பறையர்களின் நிலை பற்றி 1891இல் ஒரு குறிப்பு எழுதினார். நிலமில்லை, மனையில்லை, படிப்பில்லை என்று அது அடுக்கிக்கொண்டே போகும். பஞ்சமி நிலத்துக்கான 1892 அரசாணை அதிலிருந்து வந்தது. அதை நாம் மேடைதோறும் பேசுகிறோம். அடுத்த ஆண்டு, 1893இல், பஞ்சமர் கல்விக்கென்று சிறப்புச் சலுகைகளோடு ஓர் அரசாணை வந்தது. அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. செங்கல்பட்டுப் பகுதியில் ஆடம் ஆண்ட்ரு போன்ற மிஷனரிகள் அதற்கு முன்பே சேரிகளில் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார்கள். 1894இல் கர்னல் ஆல்காட் அடையாறில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் அவரோடு தொடர்பில் இருந்தார் என்பதும், 1898இல் இருவரும் இலங்கைக்குப் போனதும் உங்களுக்குத் தெரியும். 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். 1920ஐ ஒட்டி அரசு தொழிலாளர் துறையை ஏற்படுத்தி, நம் மக்களுக்கான மனை, கிணறு, பள்ளி எல்லாவற்றையும் அதன் கையில் கொடுத்தது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் “லேபர் ஸ்கூல்” என்று சொல்வது அதனால்தான்.

பொதுப் பள்ளி இருக்கும்போது தனிப் பள்ளி எதற்கு? சட்டப்படி பொதுப் பள்ளியின் கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் பள்ளி இருந்த இடம் அக்ரகாரம், அல்லது கோயிலை ஒட்டிய சாவடி. கதவு திறந்திருந்தது, தெரு திறந்திருக்கவில்லை. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தை, பொதுச் சாலையில் நடக்கவும் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்ற அந்தத் தீர்மானத்தை, ஒரு கல்வித் தீர்மானமாகவும் நாம் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. மணி அடித்த பிறகு உள்ளே போன பையன் அறுபது வயதைத் தாண்டிச் சட்டமன்றத்துக்கு வந்தபோது முதலில் தெருவைத்தான் திறக்கச் சொன்னார்.

நம் முன்னோர்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். பொதுப் பள்ளியில் இடம் கொடு, அதுவரைக்கும் எங்கள் தெருவில் பள்ளி கட்டு. பள்ளி ஆசிரியராக இருந்து சட்டமன்றம் போன எம்.சி. ராஜாவின் பணியிலும் இந்த இரண்டு கோரிக்கைகளும் சேர்ந்தே வருகின்றன. தனிப் பள்ளி என்பது பிரித்துவைத்ததன் அடையாளம் என்று இன்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறவர்கள், கேட்டு வாங்கியவர்களை மறந்துவிடுகிறார்கள். கேட்டு வாங்கியது என்பதனாலேயே அது பிரித்துவைத்ததாக இல்லாமல் போய்விடாது என்பதும் உண்மை. இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொள்வது கஷ்டம். எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பெயருக்கு வருகிறேன். எங்கள் பள்ளிப் பலகையில் ‘ஆதிதிராவிடர் நல’ என்று எழுதியிருக்கும். அந்த எழுத்துக்கு அடியில், சுண்ணாம்பு உரிந்த இடத்தில், ‘ஹரிஜன’ என்ற பழைய எழுத்து தெரியும். பறையர், பஞ்சமர், லேபர், ஹரிஜன், ஆதிதிராவிடர் என்று நூறு ஆண்டில் எத்தனை பெயர் மாறியிருக்கிறது பாருங்கள். 1922இல் ஆதிதிராவிடர் என்ற பெயரை எம்.சி. ராஜா போராடிப் பெற்றார். ஹரிஜன் என்ற பெயரை யாரோ நமக்குக் கொடுத்தார்கள். ஒரே சுவரில் இரண்டும் இருந்தன. பெரிய டீச்சர் எழுத்துக் கூட்டச் சொல்லும்போது அடியில் இருப்பதைத்தான் நாங்கள் விரும்பிப் படிப்போம், மறைந்திருப்பதைக் கண்டுபிடிக்கிற விளையாட்டு அது.

மணி அடிக்கும் வரை வெளியே நின்ற அந்தப் பையன் 1893இல் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு வைத்த பெயர் ‘பறையன்’. எந்தப் பெயர் தெரிந்துவிடும் என்று வீட்டுக்கு ஓடினாரோ, அதே பெயரை அச்சடித்து ஊர் ஊராக அனுப்பினார். அயோத்திதாசர் இதை ஏற்கவில்லை. அந்தப் பெயரே நம்மேல் சுமத்தப்பட்டது, அதை நாமே தூக்கிச் சுமக்கலாமா என்பது அவர் வாதம். பூர்வத் தமிழர் என்றும் சாதிபேதமற்ற திராவிடர் என்றும் சொல்லச் சொன்னார். கல்லூரியில் நான் அயோத்திதாசர் பக்கம். என் வகுப்புத் தோழர்கள் எல்லோரும் அப்படித்தான். ஆனால் உதவித்தொகைப் படிவம் வந்த அன்று எழுந்து நின்ற அந்தப் பெண்ணுக்கு இவர்களில் யார் உதவியிருப்பார்கள் என்று யோசித்தால், சீனிவாசன் என்றுதான் தோன்றுகிறது. மறைக்கிறவரைக்கும் கேட்கிறவன் கையில்தான் பிடி இருக்கும். அவர் அதை அனுபவித்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

இப்போது எதற்கு இந்தக் கதை? ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக 2023இல் தமிழ்நாடு அரசு பட்ஜெட்டில் அறிவித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள். அதே ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரி நடந்தது. சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் நின்றுவிட்ட ஒரு பிளஸ் டூ மாணவனை, அவன் புகார் சொன்னான் என்பதற்காக, அந்தச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்து, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளின் பெயரில் கள்ளர் சீரமைப்பு, ஆதிதிராவிடர் நலம் போன்ற முன்னொட்டுகள் வேண்டாம், அரசுப் பள்ளி என்றே இருக்கட்டும், எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் வரட்டும் என்று அது பரிந்துரைத்தது. 2025இல் ‘காலனி’ என்ற சொல்லை நீக்குவதாக அறிவிப்பு வந்தது. விடுதிகள் ‘சமூகநீதி விடுதிகள்’ ஆயின.

நான் பலகையைக் கட்டிக்கொண்டு அழவில்லை. அதை எடுக்கலாம். என் கேள்வி வேறு. எங்கள் காலனிப் பள்ளியில் ஊர்த்தெருப் பிள்ளை ஒன்றுகூடச் சேர்ந்ததில்லை. சேரக் கூடாது என்று எந்தப் பலகையும் சொல்லவில்லை. ஊர்த்தெருவில் தொடக்கப் பள்ளி மாணவர் இல்லாமல் மூடப்பட்டபோதுகூட, இருநூறு அடியில் இருக்கும் எங்கள் பள்ளிக்கு வராமல் அந்தப் பிள்ளைகள் வேன் ஏறி மதுராந்தகம் போனார்கள். பெயர் மாறிய மறுநாள் அந்த வேன் எங்கள் தெருவில் நிற்குமா? நிற்கவில்லை என்றால், மாணவர் எண்ணிக்கை குறைவு என்று சொல்லி எங்கள் பள்ளியைத்தான் மூடுவார்கள். அப்போது ஐந்து வயதுப் பிள்ளை ஊர்த்தெருவைத் தாண்ட வேண்டும். நான் பதினோரு வயதில் தாண்டினேன். ஐந்து வயதுக்கு மதகில் உட்காரத் தெரியாது. 1995இல் சேலம் மாவட்டத்தில் பள்ளித் தண்ணீர்ப் பானையைத் தொட்டதற்காக அடிபட்டுக் கண்ணை இழந்த சிறுமியை இங்கே இருக்கிற மூத்த தோழர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இணைப்பை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்று கேட்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: எந்தப் பிள்ளை எந்தத் தெருவுக்கு நடக்கப் போகிறது?

கடைசியாக ஒரு வேண்டுகோள். சென்ற ஆண்டு ஒரு சான்றிதழுக்காக எங்கள் பள்ளிக்குப் போனேன். பதினோரு பிள்ளைகள் இருந்தார்கள். தலைமையாசிரியர் பழைய சேர்க்கைப் பதிவேடுகளை மேசைமேல் எடுத்துப் போட்டார், ஓரங்களைச் செல்லரித்திருந்தது. என் பெயரைத் தேடும்போது முந்தைய பதிவேடு ஒன்றில் என் அப்பாவின் பெயர் கிடைத்தது. 1955இல் சேர்ந்திருக்கிறார். 1958இல், மூன்றாம் வகுப்பில், பெயர் நீக்கம். காரணம் என்ற கட்டத்தில் ‘நீண்ட நாள் வராமை’.

வீட்டுக்கு வந்து கேட்டேன். நைனாவுக்கு இப்போது 75க்கு மேல். கொஞ்ச நேரம் யோசித்தார். “பெரிய வீட்டுல மாட்டுக்கு ஆள் இல்லன்னு ஆயாவக் கூப்புட்டுச் சொன்னாங்க. வருசத்துக்கு ஆறு மூட்ட நெல்லுன்னாங்க. மறுநாளே போயிட்டேன். அந்த மாடு ரெண்டும் பள்ளிக்கூடத்துப் பின்னாலதான் மேயும். வாய்ப்பாடு சொல்ற சத்தம் கேக்கும். பதினாறு வரைக்கும் அப்படித்தான் கத்துகிட்டேன்” என்றார்.

பதிவேட்டில் அது வராமை. அவர் தினமும் வந்திருக்கிறார், சுவருக்கு வெளிப்புறம்.

இணைப்பு நடக்கும்போது பள்ளிகள் இடம் மாறும், அலமாரிகள் காலி செய்யப்படும், பழைய பதிவேடுகள் எடைக்குப் போகும். இங்கே வந்திருக்கிற மாணவர்கள் அதற்கு முன்னால் உங்கள் ஊர்ச் சேரிப் பள்ளிக்குப் போங்கள். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, 1950க்கு முந்தைய பதிவேடு இருந்தால் அதிலிருந்து தொடங்கி, நீக்கக் காரணம் எழுதிய கட்டத்தைப் படம் எடுங்கள். அந்தப் பெயருக்கு உரியவர்கள் உயிரோடு இருந்தால் அவர்களிடமே போய் என்ன நடந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மன்றத்தில் அதற்கென ஒரு அலமாரி ஒதுக்கித் தருவதாகத் தோழர்கள் சொல்லியிருக்கிறார்கள். என் அப்பாவின் பக்கத்தை இன்று அவர்களிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.